வெடிக்கும் முன்னே

தீபாவளியன்று விடியற்காலையில் தெருவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? வெடிகளைப் பார்ப்பதைவிட வெடி வைக்கிறவர்களைப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி அதிகம். லட்சுமி வெடி ஒன்றை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, கையில் ஊதுபத்தியுடன் ஒருவர் குனிகிறார். கை முன்னே போகிறது. உடம்பு பின்னே போகிறது. முகம் எதிர்வீட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பிவிடுகிறது. கண்கள் இரண்டும் இறுக மூடியிருக்கின்றன. ஊதுபத்தி திரியை விட்டு ஓர் அங்குலம் தள்ளி வெறும் மண்ணைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. திரி பற்றவே இல்லை. மனிதரோ அதற்குள் நாலு வீடு தாண்டி ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். வெடி தன் பாட்டுக்குச் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

இவரைக் கோழை என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் வராது. இதே மனிதர் ஆபீசில் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே நியாயம் பேசுகிறவராக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் கூக்குரல் கேட்டால் முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறவராக இருக்கலாம். வெடியின் முன்னால் மட்டும் உடம்பு அவரைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிடுகிறது. கண்ணுக்கு எதிரே ஈ பறந்து வந்தால் இமை மூடிக்கொள்கிறதே, அது யாரைக் கேட்டுக்கொண்டு மூடுகிறது? எஜமான் தூங்கினாலும் தூங்காத காவற்காரன் ஒருவனை ஆண்டவன் ஒவ்வோர் உடம்பிலும் வைத்திருக்கிறான். அவனால்தான் நாம் பிழைத்துக் கிடக்கிறோம்.

ஆனால் அந்தக் காவற்காரனே காரியத்தைக் கெடுக்கிற இடம் ஒன்று உண்டு. கைத்துப்பாக்கி பழகுகிற இடம் அது.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கும் கைத்துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டாரும் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் தரையில் படுத்துக்கொண்டு .22 ரைபிளால் சுட்டேன். அந்த மருந்து வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. பிற்பாடு ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்து கைத்துப்பாக்கி பழகினேன். மெடல் எதுவும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம், நாவலில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவிக்கிற கதாபாத்திரங்களை மறந்திருக்க ஓர் இடம் கிடைத்தது. அதுவே எனக்குப் போதும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கிளப்பில் என் தம்பி மகளும் சேர்ந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. முதலில் காற்றுத் துப்பாக்கி. 10 மீட்டர் தூரம். பத்து மதிப்பெண் தருகிற நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். அழுத்தி வைத்த காற்று 4.5 மில்லிமீட்டர் குண்டைத் தள்ளுகிறது. 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். கையில் உதையென்று சொல்ல ஒன்றும் இல்லை. அவளுக்கு அது வெகு அழகாக வந்தது. ஒரே வருஷத்தில் அறுபது குண்டுக்கு 540-ஐத் தாண்டினாள். "பெரியப்பா, இது கோலம் போடற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு நாள். புள்ளியில் கோடு போய் விழ வேண்டும், அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்பது அவள் கருத்து. நான் அதை மறுக்கவில்லை.

அடுத்தபடியாக 25 மீட்டருக்குப் போனாள். இங்கே .22 தோட்டா, நிஜமான மருந்து, நிஜமான வெடி. முதல் நாள் ஐந்து தோட்டா சுட்டாள். காகிதத்தில் கறுப்பு வட்டம் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டு துளைகள் வெகு கீழே, இடது பக்கத்து மூலையில் இருந்தன. மற்ற மூன்றும் காகிதத்தையே தொடவில்லை. அடுத்த ஐந்தும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவள் காற்றுத் துப்பாக்கியையும் தொடாமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கிளப்பில் வைத்தியர்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஒருவர் வந்து, "பிடியை நல்லா இறுக்கிப் பிடிம்மா" என்றார். இன்னொருவர், "பிடி லூசா இருக்கட்டும்" என்றார். மூன்றாமவர் குறியைத் திருப்பி வைக்கச் சொன்னார். கீழே போகிற குண்டு மேலே ஏறிவிடுமாம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் கிளப்புக்கு வருவார். எல்லையில் நின்று பார்த்தவர், தங்கமான மனிதர். அவர் அவள் தோளைத் தட்டி, "பயப்படாதே! தைரியமாச் சுடு!" என்றார்.

உலகத்தில் பலன் தராத மருந்துகளில் முதலாவது இந்தப் 'பயப்படாதே'தான். இருட்டில் நடந்து போகிற பிள்ளையிடம் "அங்கே பேய் இல்லை, தைரியமாப் போ" என்று சொல்லிப் பாருங்கள். அதுவரையில் பேயை நினைக்காத பிள்ளைகூட நினைக்க ஆரம்பித்துவிடும்.

அன்று திரும்பி வரும்போது அவள் காரில் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்குகையில் சொன்னாள்: "பெரியப்பா, எனக்கு இது வராது. விட்டுடறேன்."

"காரணம்?"

"வீட்டில எல்லாரும் சொல்றது சரிதான் போல இருக்கு."

வீட்டில் சொல்வது என்ன என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஆறு வயதாயிருக்கும்போது, அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு வெடியைக் கையில் எடுத்தாள், அது வெடித்தது. வலது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தத் தீபாவளியிலிருந்து அவள் வெடிச் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுவாள். 'பயந்தாங்கொள்ளி' என்று யாரோ ஒருவர் வாயில் வந்தது. வீடு முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. விளையாட்டாகத்தான் சொன்னார்கள். குடும்பத்தில் வைக்கிற பெயர்களெல்லாம் விளையாட்டாக வைக்கிறவைதாம். சுமக்கிறவருக்கு மட்டும் அது விளையாட்டாக இருப்பதில்லை. காற்றுத் துப்பாக்கியில் அவள் எடுத்த ஒவ்வொரு பத்தும் அந்தப் பெயரில் ஓர் எழுத்தை அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது 25 மீட்டர் தூரத்திலிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்து நிற்கிறது. துப்பாக்கியை விடுகிறாளா, வைத்துக்கொள்கிறாளா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இந்தப் பெயரோடு அவள் விடக்கூடாது என்று மட்டும் பட்டது.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன்.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளிஞ்ச்' என்று பெயர். வெடிக்கப் போகிறது என்று எதிர்பார்த்து உடம்பு முன்கூட்டியே வெடுக்கென்று அசைந்துவிடுவது. நான் அதற்கு 'வெடுக்கு' என்றே பெயர் வைத்திருக்கிறேன். விசையை அழுத்துகிற அதே கணத்தில் ஐந்து விரலும் சேர்ந்து இறுகும், மணிக்கட்டு கீழே குனியும், கண் மூடும். வலது கைக்காரர்களுக்குக் குண்டு பெரும்பாலும் கீழேயும் இடது பக்கமுமாகப் போய் விழும். அந்த மூலையில் துளைகளைப் பார்த்தாலே பழகினவர்கள் நோயைச் சொல்லிவிடுவார்கள்.

இதில் உள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். விசை விழுந்ததிலிருந்து தோட்டா குழலை விட்டு வெளியே போக, ஒரு நொடியில் ஆயிரத்தில் பத்துப் பங்குகூட ஆவதில்லை. பெரிய சத்தம் கேட்டு மனிதன் கண் இமைக்க ஆயிரத்தில் முப்பது முதல் ஐம்பது பங்கு ஆகிறது. அதாவது, நிஜமாகவே சத்தத்தைக் கேட்டு நீங்கள் திடுக்கிட்டால் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. குண்டு அதற்குள் போய்ச் சேர வேண்டிய வழியில் வெகுதூரம் போயிருக்கும். திடுக்கிடுங்கள், துள்ளிக் குதியுங்கள், ராம ராமா என்று கூவுங்கள், குறி தவறாது. குறியைக் கெடுப்பது வெடித்த வெடி அன்று. இன்னும் வெடிக்காத வெடிதான்.

உதைக்கும் பெரிய பங்கில்லை. .22 குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம். அதைச் சுடுகிற துப்பாக்கியோ ஒரு கிலோவுக்கு மேல். அது உதைத்து யாரும் விழுந்ததில்லை. காதில் விழுகிற சத்தந்தான் 140 டெசிபலையும் தாண்டும். காது பட்ட பாட்டைக் கை ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் செய்தது காதுக்கு வைத்தியம். காதுக்குள் பஞ்சுபோன்ற அடைப்பான். அதன்மேல் பெரிய காதுமூடி. ஒன்று போதுமே என்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி. சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தேன். பிளாஸ்டிக்கினால் செய்த பொய்த்தோட்டாக்கள். நிஜத் தோட்டாவின் அளவுதான். உள்ளே மருந்து இல்லை. ஏற்பாடு இது: நான் அவளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தோட்டாவை ஏற்றி, குழல் இலக்கைப் பார்க்கும்படி மேஜைமேல் வைப்பேன். அது நிஜமாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அவள் எடுத்துச் சுட வேண்டும். எதுவானாலும் குழல் இலக்கை விட்டுத் திரும்பக்கூடாது. வெடிக்காவிட்டாலும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். குறி பார்க்கிற வரையில் விரல் விசைக்குள் போகக்கூடாது. இதெல்லாம் அவள் ஏற்கெனவே கற்ற பாடந்தான். ஆனாலும் துப்பாக்கி விஷயத்தில் ஒரே பாடத்தை ஆயிரம் தடவை சொன்னாலும் தப்பில்லை.

முதலாவது நிஜம். வெடித்தது, வழக்கம்போலக் கீழே. இரண்டாவதும் நிஜம். மூன்றாவது பொய்.

'டக்' என்றது. அவ்வளவுதான், வெடி இல்லை, புகை இல்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, யாரோ தலையில் குட்டினாற்போல, விசுக்கென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. அவள் கண்ணால் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் துப்பாக்கியை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"நானா இப்படிச் செஞ்சேன்?"

"உன் கை செய்தது."

பத்துத் தடவையில் நாலு பொய். நாலிலும் குனிந்தது. காதுமூடியைக் கழற்றிவிட்டு அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "அது வெடிக்கவே இல்லையே, பெரியப்பா. அப்போ நான் எதுக்குப் பயந்தேன்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராணுவப் பெரியவர் முன்னே வந்தார். "எனக்கும் அதே மாதிரி ஏத்திக் கொடுங்க, பார்ப்போம்" என்றார். அவருடைய சொந்தத் துப்பாக்கி. பல வருஷப் பழக்கம். ஐந்து தடவை ஏற்றினேன். இரண்டாவது பொய். 'டக்' என்றது. பெரியவரின் துப்பாக்கியும் குனிந்தது. அவள் அளவுக்கு இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிகிற அளவுக்குக் குனிந்தது. அவர் தம் கையை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியாம்மா, நிஜக் குண்டு என் தலைக்கு மேலே பறந்திருக்கு. இந்தப் பிளாஸ்டிக்குக்குப் பயந்துட்டேன்" என்றார்.

அவளும் சிரித்தாள். மூன்று வாரமாகக் காணாத சிரிப்பு. நான் ஒரு மணி நேரம் உபந்நியாசம் செய்திருந்தாலும் ஆகாத காரியத்தை அந்தப் பெரியவர் தம் கையைக் காட்டி ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டார். எல்லையில் நின்ற கையும் குனிகிறது என்றால், குனிவதற்குக் கோழைத்தனம் என்று பெயர் இல்லை. பொய்த்தோட்டாவின் பெருமை அதுதான். அது யாரையும் திட்டுவதில்லை, பெயர் வைப்பதில்லை. கண்ணாடி மாதிரி உள்ளதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பிறகு பத்து வாரம் மருந்து.

முதல் மருந்து வெறும் சுவர். அவளிடம் சொந்தமாக ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதைக் காலி என்று இரண்டு தடவை சோதித்துவிட்டு, வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினம் பத்து நிமிஷம் விசையை அழுத்திப் பழக வேண்டும். சுவரில் புள்ளி எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது துப்பாக்கியின் குறியை மட்டும்: பின்னால் ஒரு பள்ளம், குழலின் நுனியில் ஒரு சின்னக் கட்டை. கட்டை பள்ளத்தின் நடுவில், தலை சமமாக நிற்க வேண்டும். விசை விழும்போதும் விழுந்த பிறகும் அது அசையக்கூடாது.

இங்கே மகாபாரதத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரு தகராறு இருக்கிறது. மரத்தில் வைத்த பொம்மைப் பறவையைக் காட்டி "என்ன தெரிகிறது?" என்று துரோணர் கேட்கிறார். பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்று அர்ஜுனன் சொல்லிப் பெயர் வாங்குகிறான். கைத்துப்பாக்கி வகுப்பில் அர்ஜுனன் அப்படிச் சொல்லியிருந்தால் பின்பெஞ்சிக்குப் போக வேண்டியதுதான். மனிதக் கண் ஒரே சமயத்தில் கைக்கெட்டிய தூரத்தையும் 25 மீட்டர் தூரத்தையும் தெளிவாகப் பார்க்காது. ஏதாவது ஒன்று மங்கும். இலக்கு மங்கட்டும், நுனிக் கட்டை தெளிவாக இருக்கட்டும் என்பதுதான் இந்தச் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம்.

அதற்குக் கணக்கு இருக்கிறது. பின்பள்ளத்துக்கும் நுனிக் கட்டைக்கும் நடுவே சுமார் 20 சென்டிமீட்டர். நுனி ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் 25 மீட்டரில் குண்டு 125 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஆனால் குறி சாயாமல் கை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். நடுவட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆகவே கை ஆடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். உயிருள்ள கை ஆடத்தான் செய்யும். ஆட்டம் நடுவே வரும் சமயம் பார்த்து 'இதோ!' என்று விசையைப் பிடுங்கினால்தான் அந்த ஒரு மில்லிமீட்டர் போய்விடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவள் முகம் தெளிந்தது. 'கை ஆடலாம்' என்று யாரும் அவளுக்கு அதுவரையில் அனுமதி கொடுத்ததில்லை.

இரண்டாவது மருந்து விசை. காற்றுத் துப்பாக்கியின் விசைக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் பளு இருக்க வேண்டும் என்பது விதி. 25 மீட்டர் துப்பாக்கிக்கு அது 1000 கிராம். விரல் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. முன்னே பழகின அளவுக்கு அழுத்திப் பார்த்து, விழவில்லையே என்று பதறி மொத்தக் கையாலும் இழுத்துவிடுகிறது. ஒரு நாள் அவள் குறியைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் விரலின்மேல் என் விரலை வைத்து நானே அழுத்தினேன். எப்போது விழும் என்று அவளுக்குத் தெரியாது. துளி துளியாகப் பளு ஏறுகிறது; எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல. வெடித்தது. திடுக்கிட்டாள். காகிதத்தைப் போய்ப் பார்த்தால் குண்டு கறுப்பு வட்டத்தின் நடுவே, ஒன்பதில் இருந்தது. "இப்போ சுட்டது யார்?" என்றேன். "தெரியலை" என்றாள். தெரியாமல் இருப்பதுதான் வித்தை. விசை விழுகிற கணம் விரலுக்கே தெரியாமல் வந்தால், காவற்காரனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவன் எழுந்து தடியை எடுப்பதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

மூன்றாவது மருந்து இலக்கையே எடுத்துவிடுவது. காகிதத்தைத் திருப்பி வெள்ளைப் பக்கம் தெரியும்படி மாட்டினேன். கறுப்பு இல்லை, எண் இல்லை. தவறவிடுவதற்கு ஒன்றும் இல்லை. குண்டு எங்கே பட்டது என்று தொலைநோக்கியில் பார்ப்பதற்கும் தடை. ஐந்து நிஜமும் ஐந்து பொய்யும் கலந்து சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே கேள்விதான் கேட்பேன்: "விழும்போது நுனி எங்கே இருந்தது?" முதலில் "தெரியலை" என்பாள், அப்படியென்றால் கண் மூடியிருக்கிறது. நாலாவது வாரத்தில் "கீழே போச்சு" என்றாள். அன்று எனக்கு ரொம்ப சந்தோஷம். குனிவதைக் குனிகிறவளே பார்க்க ஆரம்பித்துவிட்டாள், கண் திறந்திருக்கிறது. களைப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். களைத்த கை கற்றுக்கொள்வது கெட்ட பழக்கத்தை மட்டுமே.

காத்திருந்த நேரங்களில் அவளுக்குக் கதை சொல்வேன். என் தொழில் அதுதானே. கரோலி டகாச் என்று ஹங்கேரி நாட்டு ராணுவ வீரர் ஒருவர். கைத்துப்பாக்கியில் பேர் போனவர். 1938-இல் பயிற்சியின்போது ஒரு கைகுண்டு வெடித்து அவர் வலது கை சிதைந்துபோயிற்று. சுடுகிற கை அதுதான். அவர் இடது கையால் பழக ஆரம்பித்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 25 மீட்டர் துரிதச் சுடுதலில் தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம். ஐந்து இலக்கு, ஐந்து குண்டு, கடைசிக் கட்டத்தில் நாலே நொடி. அதுதான் அந்தப் போட்டி. வெடி ஒரு கையைத் தின்ற பிறகு, மற்றக் கையில் வெடியைப் பிடித்துக்கொண்டு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். அவருக்குள் இருந்த காவற்காரன் எவ்வளவு கூச்சல் போட்டிருப்பான்! கதையைக் கேட்டுவிட்டு அவள் தன் கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நம் நாட்டு மனு பாக்கரையும் சொல்லலாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டிக்கு நடுவே அவர் துப்பாக்கி பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. 2024-இல் பாரிஸில் அதே 10 மீட்டர்ப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். போன தடவை பட்டதை இந்தத் தடவை கை முன்கூட்டியே எதிர்பார்க்காமல் இருப்பது என்றால் லேசான காரியமா?

பத்தாவது வாரம் கிளப்பில் மாதாந்தரப் பழக்கப் போட்டி. ஐந்து நிமிஷத்துக்கு ஐந்து குண்டாக ஆறு சுற்று. அவளும் பெயர் கொடுத்திருந்தாள். அவள் அப்பா, என் தம்பி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வேடிக்கை பார்க்க வந்தான். "பல்லியைக் கண்டாக் கத்தறவ அண்ணா இவ" என்று என் காதோடு சொன்னான். "பேசாமல் பார்" என்றேன்.

மூன்றாவது சுற்றில் நாலாவது குண்டு. கையைத் தூக்கினாள், இறக்கி நிறுத்தினாள், விரல் மெல்ல அழுந்துகிறது. 'டக்.'

யாரும் பொய்த்தோட்டா ஏற்றவில்லை. நிஜத் தோட்டாவே மக்கராகிவிட்டது; .22-இல் எப்போதாவது அப்படி ஆவதுண்டு. எங்கள் எல்லோருடைய கண்ணும் துப்பாக்கியின் மூக்கில் இருந்தது. அது குனியவில்லை. சுவரில் அடித்த ஆணி மாதிரி அப்படியே நின்றது. அவள் இலக்கை விட்டுக் குழலைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மற்றக் கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிட்டாள். பின்வரிசையில் ராணுவப் பெரியவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தியதில் எனக்கு இரண்டு நாள் வலி.

என் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "வெடிக்கலையே, எதுக்கு எல்லாரும் சந்தோஷப்படறீங்க?" என்றான்.

"வெடிக்காததுனாலதான் தெரிஞ்சுது" என்றேன்.

பதினான்கு பேரில் அவள் ஒன்பதாவதாக வந்தாள். குண்டுகள் பெரும்பாலும் கறுப்பு வட்டத்துக்குள் இருந்தன, பத்தில் நாலு. ராத்திரி சாப்பிடும்போது தம்பி இலையைப் பார்த்துக்கொண்டே, "கை ரொம்ப ஸ்டெடியா இருந்தது" என்றான். அவள் "ம்" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் பழைய பெயரை அந்த வீட்டில் நான் கேட்கவில்லை.

வெடுக்கு ஒரேயடியாகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். தூக்கம் குறைந்த நாளிலும், பரீட்சைக் கவலை இருக்கிற நாளிலும் திரும்பி வரும். அம்மை குத்தினாற்போல ஒரு தடவையோடு தீர்கிற விவகாரம் இல்லை இது. அவள் இப்போதும் ஒவ்வொரு பெட்டி ஐம்பது தோட்டாவோடும் நாலைந்து பொய்யைக் கலந்து, பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்கிறாள். குனிந்தால், "இன்னிக்கு வந்திருக்கு" என்று விருந்தாளி வந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் தொடங்குகிறாள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைப் பார்ப்பது தொழில். இந்தக் கூத்துக்குப் பிறகு நான் எங்கே போனாலும் துப்பாக்கியின் மூக்கு குனிவதைப் பார்க்கிறேன். தபால்காரர் நீள உறையை நீட்டும்போதே, பிரிக்காமலே முகம் வாடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கணவர் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே தோள் சுருங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னமே கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதோ ஒரு தடவை வெடித்தது. கை அதை மறக்கவில்லை. அவர்களிடம் போய்த் தைரியமாக இருங்கள் என்று சொல்ல எனக்கு இப்போதெல்லாம் நா எழுவதில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, அவசரப்படாமல், பத்தில் நாலு பொய் என்று ஏற்றிக் கொடுக்க யாராவது ஒருவர் அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.